ஏழாம் நம்பர் நோசல் ஒழுகிய வாரம்

என் கணவர் செட் செய்த மெஷினில் நானே சிவப்பு அட்டையை மாட்டினேன்.

காலைத் தேநீர் இடைவேளை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். மலேசியாவின் உலு திராமில் நாங்கள் வேலை பார்க்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அந்த அட்டைக்கு ஒரே அர்த்தம்தான். இந்த மெஷினிலிருந்து விழுகிற எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. அதை மாட்டுகிற அதிகாரம், தரம் பார்க்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு. கழற்றுகிற அதிகாரமும் எனக்குத்தான்.

தியாகு அந்த ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் பித்தளைக் கம்பியோடு நின்றிருந்தார். கம்பியின் நுனியில் உருகிய நைலான் நூல் நூலாகத் தொங்கியது. அவர் என்னையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, கோமதி?"

"உடையுது, தியாகு."

"எத்தன?"

"இழுத்துப் பார்த்ததுல பாதி."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், பக்கத்தில் காக் ரோஸ் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். காக் ரோஸ் அந்த மெஷினை ஓட்டுகிற மலாய் அக்கா. எனக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். அவர் தன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாதபோது அப்படிச் செய்வார்.

வீட்டில் நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்னங்க" தான். ஃபேக்டரிக்குள் மட்டும் எல்லாரையும் போல "தியாகு". புருஷன் பொண்டாட்டி என்று சலுகை பேசுவார்கள் என்ற பயத்தில் நாங்களே போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அன்று காலை அந்த ஏற்பாடு முள்ளாகக் குத்தியது.

மெஷினுக்குப் பசி

நான் முன்பு வேலை பார்த்த பத்து பாகாட் தையல் ஆலையைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, துணியை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு ஏன் போனீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேறொன்றுமில்லை அம்மா, கல்யாணம் ஆனதால் போனேன். மாப்பிள்ளை உலு திராம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது பிளாஸ்டிக் ஃபேக்டரி.

இந்த மெஷின்களைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நைலான் ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக வரும். அதை ஒரு நீளக் குழாய்க்குள் உருக்கி, உள்ளே சுற்றுகிற திருகு முன்னால் தள்ளும். குழாயின் முனையில் இருக்கிற சின்ன வாய்தான் நோசல். அதன் வழியாக உருகல், நாங்கள் மோல்டு என்கிற அச்சுக்குள் பாயும். அச்சு ஆறியதும் திறக்கும், பொருள் விழும், மறுபடி மூடும்.

மற்ற பிளாஸ்டிக் உருகினால் களி மாதிரி கெட்டியாக நிற்கும். நைலான் அப்படியில்லை. சூடான எண்ணெய் மாதிரி ஓடும். ஒரு தடவை தள்ளி முடித்து அடுத்ததற்குக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே நோசலில் சொட்டு திரண்டு நூலாக இறங்கும்.

"மெஷினுக்குப் பசி லா. ஆயர் லியோர் வடியுது பாரு," என்பார் காக் ரோஸ். எச்சில் வடிகிறது என்று அர்த்தம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த எச்சில் வாயோரத்திலேயே ஆறி இறுகிவிடும். அடுத்த தடவை தள்ளும்போது சூடான உருகலோடு அதுவும் சேர்ந்து அச்சுக்குள் போய்விடும். சோற்றில் கல் கிடப்பது மாதிரி பொருளுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்த்தால் வழுவழு என்று அழகாக இருக்கும். இழுத்தால் அந்த இடத்தில் படக்கென்று முறியும்.

அன்று நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கொக்கி. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளைப் பட்டையில் உட்கார வைத்து, கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலிக்கு மாற்றுவார்களே, அந்தப் பட்டையைத் தாங்குகிற கொக்கி. நாலு கொக்கியில் ஒரு ஆள் தொங்குவார்.

"ஒரு மணி நேரம் குடு"

உற்பத்தி மேலாளர் லிம் வந்து அட்டையைப் பார்த்தார். லிம்மும் ஒரு காலத்தில் தியாகுவைப் போல மெஷினைச் சரிசெய்து ஓடவிடுகிற செட்டர்தான். எண்ணெய்க் கையோடு வளர்ந்தவர். கத்துகிற ஆளில்லை. அவர் குரல் தாழ்ந்தால்தான் நாங்கள் பயப்படுவோம்.

"மத்தியானம் கொக்கி வாங்குற சிங்கப்பூர்க்காரங்க வர்றாங்க," என்று தாழ்ந்த குரலில் தியாகுவிடம் மலாயில் சொன்னார். "அவங்க இந்த அட்டையப் பார்க்கணுமா? உன் வீட்டுக்காரிதான. நீயே பேசு."

தியாகு என்னை மூலப்பொருள் ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நைலான் மூட்டைகளுக்கு நடுவில், யாருக்கும் கேட்காத இடம். வெளியே தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரமாக விடாத மழை.

"அட்டைய எடு. ஒரு மணி நேரம் குடு. ஒழுகுறத நிறுத்திர்றேன்."

"மொதல்ல நிக்கட்டும். நல்ல கொக்கி வரட்டும். எடுத்துர்றேன்."

"அவங்க வந்து பார்த்தா மோல்ட தூக்கிட்டுப் போயிருவாங்க, கோமதி. மோல்டு அவங்களோடது. லாரி கொண்டாந்தா முடிஞ்சுச்சு."

"தெரியும்."

"மோல்டு போச்சுன்னா நா எங்க போவேன்னும் தெரியும்ல?"

அதுவும் தெரியும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் சிங்கப்பூரில்தான் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு மழையில் ஊர்ந்து போய், இருட்டியதும் அதே வழியில் திரும்புவார். எங்கள் மகளுக்கு அப்பா என்றால் தூங்குகிற முதுகு. ஒரு நாள் ஈரச் சாலையில் சறுக்கி விழுந்து, லாரிச் சக்கரம் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் போனதைப் பார்த்துவிட்டு வந்தவர், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இங்கே சேர்ந்தார். இந்தக் கொக்கி வேலை போனால் முதலில் வெளியே போவது கடைசியாக வந்த செட்டர்தான்.

"யோசிக்காம மாட்டலீங்க," என்றேன். ஃபேக்டரிக்குள் 'ங்க' போட்டுவிட்டேன் என்பதைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

அவர் மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். என் விரல்கள் பையில் இருந்த, அட்டையைப் பூட்டிய சாவியைத் தடவிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ. அவர் கெஞ்சவில்லை. கோபமாகத் திரும்பிப் போனார். அது என்னைக் காப்பாற்றியது.

பெண் பார்க்க வந்தவர் சொன்ன கதை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லாபிஸில் எங்கள் வீட்டுக்கு அவர் தன் அக்காவோடு பெண் பார்க்க வந்தார். ரயில் போகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. அப்பா, "என்ன வேல தம்பி?" என்று கேட்டார். மற்ற மாப்பிள்ளைகள் என்றால் கம்பெனி பெயர், பதவி என்று ஆரம்பிப்பார்கள். இவர் ஒரு கதை சொன்னார்.

சிங்கப்பூரில் அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு நோசல் அடைத்துக்கொண்டதாம். முனையில் பிளாஸ்டிக் இறுகிப் போய்விட்டது. உள்ளே சூடு ஏற ஏற ஆவி சேர்ந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. திடீரென்று அடைப்பு பிய்த்துக்கொண்டு பறந்து, எதிரே இருந்த இரும்பு அலமாரியில் பள்ளம் விழுந்துவிட்டது.

"குண்டு மாதிரிங்க மாமா. அதுல இருந்து வாய்க்கு நேரா நா நிக்கிறதே இல்ல. புதுசா வர்ற ஆளுக்கும் அதத்தான் மொதல்ல சொல்லுவேன்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்படிப்பட்ட வேலைக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று ராத்திரி முழுக்க அப்பாவிடம் முணுமுணுத்தார். எனக்கோ அவரைப் பிடித்துப் போனது அந்தக் கதையால்தான். புது வீட்டில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து, தான் எதற்குப் பயப்படுகிறோம் என்று சொல்லத் தெரிந்த ஆள்.

சொட்டு நின்றது

தியாகு செய்தது, அந்த அவசரத்தில் எந்த செட்டரும் செய்யக்கூடியதுதான். நோசலின் சூட்டைக் குறைத்தார். சூடு குறைந்தால் நைலான் கெட்டிப்படும், ஒழுகாது.

ஒழுகல் நின்றது. காக் ரோஸ் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். லிம் போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையசைத்தார். அடுத்தடுத்து நாலைந்து கொக்கிகள் விழுந்தன. அவற்றை எடுத்து வந்து என் மேசையில் இருக்கிற, இழுத்துச் சோதிக்கும் இழுவை மெஷினில் மாட்டினேன்.

முதலாவது தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவது முறிந்தது.

முறிந்த வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே கல் இல்லை. சின்னச் சின்னக் குழிகள். தேன்கூடு மாதிரி. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சொட்டு நின்றும் உடைகிறது என்பது மட்டும் புரிந்தது. இரண்டு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் காட்டப் போனேன்.

அதற்குள் ஏழாம் நம்பரில் வேறு பிரச்சினை. கொக்கி பாதிதான் நிரம்பி விழுந்தது. அடுத்து கால்வாசி. அப்புறம் ஒன்றுமே இல்லை. சூட்டை அளவுக்கு மேல் குறைத்ததால் நோசல் உறைந்து அடைத்துக்கொண்டது.

"சப்பாட் சிக்கிட், தியாகு," என்றார் லிம் பின்னாலிருந்து. சீக்கிரம். "பாலத்தத் தாண்டிட்டாங்களாம்."

தியாகு குழாயைப் பின்னால் இழுத்து, நோசலின் சூட்டை மளமளவென்று ஏற்றினார். இந்த நேரத்தில் நோசலைச் சுற்றி இருக்கிற இரும்பு மூடி மூடியிருக்க வேண்டும். ஆள் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். அந்த மூடியைக் காலையிலேயே கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள், எச்சிலைத் துடைக்க வசதியாக. காத்திருக்க நேரமில்லை.

அவர் பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

நான் போட்ட சத்தம்

நான் அவருக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தேன். மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பட். பட் பட். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி.

நோசலின் முனை தெரிந்தது. இறுகிய நைலான் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி மாதிரி மினுங்க ஆரம்பித்தது. அதற்கு நேராக, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், என் கணவரின் முகம்.

தியாகு என்று கூப்பிட வேண்டும் என்றெல்லாம் யோசனை வரவில்லை.

"என்னங்க!"

அந்தக் கூப்பாடு அந்த ஃபேக்டரியில் யாரும் கேட்டிராதது. அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். வீட்டில் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவாரே, அதே மாதிரி, தலை மட்டும் இல்லாமல் தோளோடு சேர்த்து.

வெடித்தது.

அடைப்பு அவர் கன்னம் இருந்த இடத்தைக் கடந்து போய்க் கருவி வண்டியில் மோதியது. டங் என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பின்னாலேயே வெள்ளை ஆவியோடு உருகிய நைலான் சீறிக்கொண்டு வந்தது. அவர் வலது முன்கையிலும் காதுக்குப் பின்னாலும் விழுந்தது. கம்பி கீழே விழுந்தது. அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் வந்தது.

காக் ரோஸ் "அலமாக்!" என்று அலறிக்கொண்டே சிவப்பு பட்டனை அடித்து மெஷினை நிறுத்தினார். நான் தியாகுவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவறைப் பக்கத்துக் குழாய்க்கு ஓடினேன். தண்ணீரைத் திறந்து கையை அடியில் வைத்தேன். அவர் இடது கை, ஒட்டியிருந்த நைலானைப் பிய்க்கப் போனது.

"பிய்க்காதீங்க! தோலோட வந்துரும். விடுங்க. தண்ணி ஓடட்டும்."

"கோமதி, கண்ணு?" என்றார். "கண்ணுல பட்டுச்சா? பாரு."

பார்த்தேன். தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தேன். "இல்ல. படல. கண்ணு நல்லாருக்கு."

அதைக் கேட்ட பிறகுதான் இடது கையைக் கீழே விட்டார்.

லிம்மின் கார்

ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் லிம் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் நான், என் மடியில் ஈரத் துணி சுற்றிய கை. ஜொகூர் பாருவுக்குப் போகிற சாலையில் மழையும் லாரிகளும். லிம் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்.

முன்னால் வைத்திருந்த அவர் போன் அடித்தது. திரையில் சிங்கப்பூர் எண். நின்றது. மறுபடி அடித்தது. லிம் அதை எடுக்கவில்லை. கடைசியில் கையை நீட்டித் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கண் தப்பியது அதிர்ஷ்டம் என்றார். கையில் தழும்பு நிற்கும், விரல்களுக்கு ஒன்றும் ஆகாது என்றார். லிம் நடைபாதை பெஞ்சில், ஈரச் சட்டையோடு எங்கள் இருவருக்கும் மைலோ பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சாரி" என்று சொல்லவில்லை. எங்களை வீட்டில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

கடுகும் தண்ணீரும்

மூன்று நாள் வீட்டில் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மகள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள்.

நாலாவது நாள் சாயங்காலம், கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"நீங்கதான எங்கப்பாகிட்ட சொன்னீங்க? வாய்க்கு நேரா நிக்கிறதே இல்லன்னு?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நீ அட்டைய மாட்டலன்னா நா அவசரப்பட்டிருக்க மாட்டேன்."

கட்டுத் துணியின் முனை என் கையில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகத் தோன்றியது. போகவில்லை. முடித்து ஒட்டினேன். அவருக்கும் அந்த வார்த்தை வாயைவிட்டுப் போனதும் உறைத்திருக்க வேண்டும். தொலைக்காட்சியை அணைத்தார்.

வெகுநேரம் கழித்து, வேறு குரலில் கேட்டார்.

"அந்தச் சத்தத்தக் கேட்டியா? வெடிக்கிறதுக்கு முன்னாடி?"

"கேட்டேன். கடுகு வெடிக்கிற மாதிரி."

"நானும் கேட்டேன். கடுகு ஏன் வெடிக்குது? உள்ள ஈரம் இருக்கு." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சூடு மட்டும் காரணமில்ல கோமதி. நைலான்ல தண்ணி. தண்ணி இருந்தா இன்னும் இளகும், இன்னும் ஒழுகும். உள்ள ஆவி கட்டித் தள்ளும். நா சூட்டையே புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"உடைஞ்சதுல குழி குழியா இருந்துச்சு," என்றேன். "தேன்கூடு மாதிரி. அதக் காட்டத்தான் வந்தேன்."

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ட்ரையர் நல்லாத்தான ஓடுது? லைட்டு பச்சையா இருந்துச்சே."

"நீங்க பின்னால போயி பார்த்தீங்களா?"

"இல்ல," என்றார். "பார்க்கல."

கண்ணாடித் துண்டு

நைலான் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் உருக்குவதற்கு முன் பல மணி நேரம் உலர்த்தி வைப்பார்கள். அதற்கு ட்ரையர் என்கிற உலர்த்திகள் இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தை முதலில் உறிஞ்சிவிட்டு வறண்ட காற்றை ஊதும். இன்னொன்று, இருக்கிற காற்றையே சூடாக்கி ஊதும். ஜொகூர் மழைக்காலத்தில் இரண்டாவதால் நைலானை உலர்த்துவது, ஈரத் துண்டால் தலை துவட்டுகிற மாதிரி.

மறுநாள் வேலைக்குப் போனதும் ஏழாம் நம்பருக்குப் பின்னால் இருக்கிற மேடையில் ஏறிப் பார்த்தேன். பச்சை லைட் எரிந்தது. ஆனால் அது எங்கள் ட்ரையர் இல்லை. பழைய, வெறும் சூட்டுக் காற்று ட்ரையர். முன்னால் வருகிற குழாய் ஒரே மாதிரி இருப்பதால் கீழே இருந்து பார்த்தால் தெரியாது.

"எப்ப மாத்துனாங்க?" என்று காக் ரோஸிடம் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் தீபாவளிக்கு லாபிஸ் போனீங்களே, அப்ப. போஸ் லிம்மே தள்ளிக்கிட்டுப் போனாரு. பன்னண்டாம் நம்பருக்கு."

ட்ரையரிலிருந்து நாலு நைலான் மணிகளை எடுத்துச் சூடான தட்டில், இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். உலர்ந்த நைலான் தெளிவாகப் பரவும். இது சோடாத் தண்ணீர் மாதிரி குமிழி குமிழியாகப் பொங்கியது. அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு லிம்மின் அறைக்குப் போனேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செட்டராக இருந்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

"பன்னண்டாம் நம்பருக்கும் அவசரம்," என்றார். "ஒரு வாரம் சமாளிச்சுரும்னு நெனச்சேன். இவ்ளோ மழை வரும்னு நெனைக்கல."

"சிங்கப்பூர்க்காரங்ககிட்ட சொல்லணும், போஸ். உடையாம போனதுலயும் தண்ணி இருந்திருக்கும்."

"சொன்னா மோல்ட எடுத்துருவாங்க. உன் வீட்டுக்காரர் வேலையும் அதுலதான் இருக்கு."

"தெரியும். எல்லாரும் எனக்கு அதையேதான் சொல்றீங்க."

அவர் கண்ணாடித் துண்டைத் திருப்பித் தரவில்லை. விபத்து நடந்த அன்று பார்க்காமலே திரும்பிப்போன சிங்கப்பூர்க்காரர்கள் அடுத்த நாள் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்குப் போய் அதைத் தியாகுவிடம் சொன்னேன். அவர் கட்டுப் போடாத கையால் அலமாரியைக் காட்டினார்.

"பாஸ்போர்ட் எடுத்துப் பாரு," என்றார். "காலாவதி ஆயிருக்கப் போவுது."

சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகத் தயாராகிறார் என்று புரிந்தது. சொல்ல வேண்டாம் என்று அவர் என்னைத் தடுக்கவில்லை.

யார் முதலில் பேசியது

கூட்ட அறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த இரண்டு பேர், லிம், நான். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

லிம் சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ட்ரையரை மாத்துனது நான்," என்றார். "செட்டருக்குத் தெரியாது. இவங்க நிறுத்தச் சொன்னாங்க. நான் ஓட்டச் சொன்னேன். அதுல அவன் கை வெந்துச்சு."

வந்தவர்களில் மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த வாரம் எங்களிடமிருந்து போன பெட்டிகள் எவை? நான் சொன்னேன். அவர் போனை எடுத்து யாரிடமோ சீன மொழியில் பேசினார். அந்த நிமிஷங்களை என்னால் மறக்க முடியாது. பெட்டிகள் அவர்கள் கிடங்கிலேயே பிரிக்கப்படாமல் இருந்தன. எந்த ஆஸ்பத்திரிக்கும் எந்தக் கட்டிலுக்கும் போகவில்லை. லிம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மோல்டை அவர்கள் எடுத்துப் போகவில்லை. சரிசெய்து காட்ட அவகாசம் கொடுத்தார்கள். அனுப்பிய பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்து அரவைக்குப் போயின.

கை ஆறித் தியாகு வேலைக்குத் திரும்பிய அன்று, நல்ல ட்ரையரை லிம்மே தள்ளிக்கொண்டு வந்து மேடையேற்றினார். நோசலையும் மாற்றினார்கள். புதியதில் துளை உள்ளே குறுகலாகவும் முனைப் பக்கம் அகலமாகவும் இருக்கும். முனையில் உறைகிற துண்டு ஒவ்வொரு தடவையும் பொருளோடு சேர்ந்து இழுபட்டு வந்துவிடும், அடைக்காது. சூட்டை அளக்கிற கம்பியை முனைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். ஒவ்வொரு தடவை தள்ளிய பிறகும் திருகைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வைத்தார் தியாகு. உறிஞ்சுகுழலில் தண்ணீரை மேலே இழுக்கிற மாதிரி, சொட்டு உள்ளே போய்விடும்.

மூடியை மாட்டிவிட்டுத்தான் மெஷினை ஓட்டினார். முதல் கொக்கியைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளிக் கோடு.

"காத்து இழுக்குது," என்றேன். "ரொம்ப பின்னால இழுக்கிறீங்க."

போய்க் குறைத்துவிட்டு வந்தார். மறுபடி கோடு. மறுபடி போனார். பொழுது சாய்கிற நேரத்தில் வந்த கொக்கி ஒவ்வொன்றும் இழுவை மெஷினின் முள் ஓரத்தைத் தொடும்வரை தாங்கியது. நோசலின் முனை துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் ஏர்கோன்

எல்லாம் அடங்கிய பிறகு, ஒரு நாள் லைனில் எல்லாரும் இருக்கும்போது லிம் அறிவித்தார். கணவன் செய்வதை மனைவி சோதிப்பது பார்க்க நன்றாக இல்லை. கோமதி அடுத்த கட்டடத்துக்கு மாறலாம், ஏழாம் நம்பருக்கு வேறு ஆள் வருவார்.

தியாகு ஸ்பேனரைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் சொன்னார்.

"அவ பார்க்கலன்னா நா ஏழாம் நம்பர செட் பண்ண மாட்டேன், போஸ்."

காக் ரோஸ் கையுறையோடு கைதட்டினார். லிம் தோளைக் குலுக்கினார். "சுக்கா ஹாத்தி," என்றார். உங்கள் இஷ்டம்.

காரில் வீட்டுக்குப் போகும்போது சிக்னலில் நின்றோம். அவர் முகத்தில் ஒரு பெருமை. பாராட்டுக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன்.

"என்ன?"

"அந்தக் கட்டடத்துல குளுகுளுன்னு ஏர்கோன் இருக்கு. காலை ஷிப்ட் மட்டுந்தான். பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நானே கூட்டிட்டு வந்துருப்பேன். ரெண்டு வாரமா நாந்தான் லிம்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சிக்னல் பச்சையானது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

"இப்ப என்ன பண்றது?"

"நாளைக்கு நீங்களே போயி லிம்கிட்ட சொல்லுங்க."

சொன்னார். லிம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு நேற்றே ஆள் போட்டாயிற்று என்றார்.

ஆகவே இன்றைக்கும் ஏழாம் நம்பர் பக்கத்துச் சூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மறுவாரம் தியாகு வீட்டிலிருந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மேசை ஓரத்தில் வைத்து, வயரை மெஷின்களுக்கு எட்டாமல் சுவரோரமாக ஒட்டிவிட்டுப் போனார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.